உங்களுக்குத் தெரியுமா? தவிட்டோடு போன மக்னீசியம்

● இருபது வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மக்னீசியம் வேண்டும்? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2010-இல் 310 மில்லிகிராம் என்றது. 2020-இல் கணக்கைத் திருத்தி 370 ஆக்கியது. அதே பட்டியலில் இரும்புச்சத்துக்கு 29 மில்லிகிராம். இரும்பைப் பற்றி ஊரே பேசுகிறது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று கண்டது. மக்னீசியத்தை அந்த ஆய்வு அளப்பதே இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்தச் சத்தின் பெயரை நம் பெண்கள் டாக்டர் வாயிலிருந்து கேட்பதற்கு முன்னால் கைப்பேசி விளம்பரத்தில் கேட்டுவிடுகிறார்கள்.

● வளர்ந்த ஓர் உடம்பில் இருக்கும் மொத்த மக்னீசியம் சுமார் 25 கிராம். அதில் பாதிக்கு மேல் எலும்பில். மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்ற திசுக்களிலும். இரத்தத்தில் ஓடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

● முந்நூறுக்கு மேற்பட்ட நொதிகளுக்கு இது கைத்துணை. நாம் தின்பதையெல்லாம் ஏடிபி என்ற சின்ன மூலக்கூறாக மாற்றித்தான் செல்கள் செலவழிக்கின்றன. அந்த ஏடிபி தனியாக வந்தால் பெரும்பாலான நொதிகள் சீந்தாது. கூடவே ஒரு மக்னீசியம் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் வேலை நடக்கும். தசை சுருங்கி விரிவது, நரம்பில் செய்தி போவது, இதயம் தாளம் தப்பாமல் துடிப்பது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

● பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கத்தைப் ‘புதிய டெல்டா’ என்பார்கள். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, கல்லணைக் கால்வாய், நம் ஊர்ப் பேச்சில் ‘புது ஆறு’, தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் இந்தப் பூமி முழு நெல் பூமி ஆனது. அதற்கு முன் மானாவாரியும் ஏரிப் பாசனமுமாக இருந்த மேட்டு நிலம். கேழ்வரகும் கம்பும் வரகும் அடுப்பில் ஏறிய வீடுகள். புது ஆறு வந்து சோறு வந்தது. அது பெரிய காரியம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் உரலும் உலக்கையும் போய் ரைஸ்மில்லும் வந்தது.

மில்லில் என்ன நடக்கிறது? உமி நீக்கிய, தீட்டாத அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 90 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கும். வெள்ளை வெளேரென்று தீட்டி எடுத்தால் 20-ஐ ஒட்டி வந்து நிற்கும். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நாளைக்குக் கால் கிலோ அரிசி சாப்பிடும் பெண்ணுக்குத் தீட்டாத அரிசியிலிருந்தே 225 கிடைத்திருக்கும். அவள் தட்டில் இப்போது விழுவது 50. மிச்சம் எங்கே என்று கேட்டால், தவிட்டில். தவிடு மாட்டுத் தொட்டிக்கும் தவிட்டு எண்ணெய் ஆலைக்கும் போகிறது. எண்ணெயில் தாது உப்பு கரையாது என்பதால் ‘தவிட்டு எண்ணெய் வாங்கினால் திரும்பக் கிடைக்குமா’ என்று கேட்கவும் வழியில்லை. இந்த விஷயத்தில் டெல்டா மாடுகள் நம்மைவிட வசதியாகத்தான் இருக்கின்றன.

● ‘பாரம்பரிய அரிசி வாங்குகிறோமே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருத்துறைப்பூண்டி பக்கம் கட்டிமேடு நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர். 2018 டிசம்பரில் மறைந்தார். அவரால்தான் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் கருங்குறுவையும் இன்று கடைப் பலகையில் இருக்கின்றன. பூங்காரைப் பெண்களுக்கான அரிசி என்றே சொல்லி விற்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் எந்தப் பெயர் கொண்ட நெல்லானாலும், மில்லில் வெளுக்கத் தீட்டிவிட்டால் மேல்தோலோடு மக்னீசியமும் போய்விடும். மக்னீசியத்தைப் பொறுத்தவரை ரகத்தைவிடத் தீட்டும் அளவு முக்கியம். பை மேல் எழுதியிருப்பதைப் படிப்பதோடு அரிசியைக் கையில் எடுத்து நிறத்தையும் பாருங்கள்.

● இந்த 370 என்ற எண்ணைச் சொல்லும் ஐதராபாத் நிறுவனம் பிறந்தது தமிழ்நாட்டில்தான். 1918-இல் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ‘பெரிபெரி’ நோயை ஆராய ஒரே ஓர் அறையில் தொடங்கியது. பெரிபெரி வருவதற்குக் காரணம் தவிட்டோடு போன வைட்டமின் பி1. நெல்லை அவிக்காமல் பச்சரிசியாக மில்லில் தீட்டித் தின்ற வட ஆந்திரக் கடலோரத்தில் அது ஆட்டம் போட்டது. நெல்லை அவித்துப் புழுங்கலாக்கித் தின்ற தமிழ் நாட்டுப் பகுதிகளில் அடங்கிக் கிடந்தது. அவிக்கும்போது பி1 தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். 1958-இல் அந்த நிறுவனம் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. ஆக, தவிட்டோடு எது போகிறது என்ற கேள்வி அந்த நிறுவனத்துக்கு நூறு வயதைத் தாண்டிய பழைய கேள்வி.

● இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. தீட்டிய அரிசி 80 கிராமில் இருக்கும் மக்னீசியம் சுமார் 16 மில்லிகிராம். கூட அரைக்கும் 20 கிராம் உளுந்தில் சுமார் 34. பெயருக்கு ஒரு பங்கு போடும் உளுந்து, நாலு பங்கு அரிசியைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கிறது. மாவு புளிக்கும்போது இன்னொன்றும் நடக்கும்: தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டிக் அமிலம் மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. இரவு முழுக்கப் புளித்த மாவில் அந்தப் பிடி தளர்ந்திருக்கும். அவசரத்துக்குச் சோடா உப்புப் போட்டு ஊற்றும் இட்லிக்கு இந்த நன்மை கிடையாது.

● உளுந்து டெல்டாவுக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, வயலில் மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தூவி விடுவார்கள். நெல்லை அறுத்துக் கொண்டுபோன பிறகு, தாளுக்கு நடுவே, மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது தானாக வளரும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். 65, 70 நாளில் வீட்டுக்கு வந்துவிடும். நெல் தரிசுப் பயறு என்பது இதைத்தான். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் (1912-இல் தொடங்கியது) இதற்கென்றே ‘ஆடுதுறை 3’ என்று உளுந்திலும் பாசிப்பயறிலும் ரகம் கொடுத்திருக்கிறது. 100 கிராம் உளுந்தில் சுமார் 170 மில்லிகிராம், பாசிப்பயறில் 190-ஐ ஒட்டி. மில்லில் நெல் இழந்ததை அதே வயல் தையிலும் மாசியிலும் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கிடைத்த மூட்டையை அப்படியே வியாபாரியிடம் ஏற்றிவிடாமல் வீட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்கினால் போதும்.

● பெண் பெரியவளானால் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது எதற்கு? ‘இடுப்பெலும்புக்குப் பலம்’ என்பார்கள் பாட்டிமார். தோலோடு வறுத்து அரைத்த கறுப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். உளுந்தில் மக்னீசியம் இருக்கிறது, கருப்பட்டியிலும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. நல்லெண்ணெய் ருசிக்குத்தான், எள்ளில் இருக்கும் மக்னீசியம் செக்கில் பிண்ணாக்கோடு நின்றுவிடும். எலும்பில் பாதிக்குமேல் மக்னீசியம் சேமிக்கப்படுகிறது என்ற கணக்கைப் பார்த்தால் பாட்டிமார் சொன்னதில் பழுதில்லை. என் குறை ஒன்றே ஒன்று: சடங்கு முடிந்து மாமன் சீர் வந்து பந்தல் பிரித்ததும் களியும் நின்றுவிடுகிறது.

● அமெரிக்கப் பரிந்துரையில் ஒரு வேடிக்கை. 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 360 மில்லிகிராம். 19 முதல் 30 வரை 310. அதற்குமேல் 320. பள்ளிப் பருவத்தில்தான் அதிகம் வேண்டும். எலும்பு வேகமாக வளரும் வயது அது. பத்தாம் வகுப்பு டியூஷனுக்குக் காலை ஐந்தரைக்கு ஒரு டம்ளர் காபியோடு ஓடும் வயதும் அதுவே.

● சேர்ந்தாற்போல் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? தீட்டிய அரிசி கால் கிலோ: 50. இட்லி, தோசை, வடை என்று உளுந்து 40 கிராம்: 70-ஐ ஒட்டி. பேருந்து நிலையத்தில் தாளில் மடித்துத் தரும் கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம்: 55. கேழ்வரகுக் கூழோ அடையோ 50 கிராம் மாவில்: 70. கீரை ஒரு கிண்ணம்: கீரைக்குக் கீரை மாறும், 75 என்று வையுங்கள். எள்ளுப்பொடி இரண்டு தேக்கரண்டி: 35. கூட்டினால் 355 ஆகிறது. தேங்காய், மோர், வாழைப்பழம், ஒரு துண்டு மீன் எல்லாம் சேர்த்தால் 370-ஐத் தாண்டிவிடும். இந்தப் பட்டியலில் இறக்குமதிச் சாமான் எதுவும் இல்லை. பூசணி விதையும் பாதாமும் நல்லவைதான், மக்னீசியம் ஏராளம். ஆனால் கிலோ விலையைக் கேட்டுவிட்டு எள்ளைத் திரும்பிப் பாருங்கள். 100 கிராம் எள்ளில் 350-க்கு மேல்.

மேலே உள்ள பட்டியலில் கேழ்வரகையும் கடலையையும் கீரையையும் அடித்துவிட்டுப் பாருங்கள். 155. கல்லூரி விடுதியில் தங்கி எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், பரோட்டா என்று நாளை ஓட்டும் பெண்ணின் கணக்கு இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

● மீனைப் பற்றி இரண்டே வரி. மல்லிப்பட்டினம் மீனும் அதிராம்பட்டினம் இறாலும் புரதத்துக்கும் நல்ல கொழுப்புக்கும் கெட்டி. மக்னீசியத்தில் சுமார்தான், 100 கிராமுக்கு 30, 40.

● கீரை ஏன் பச்சையாக இருக்கிறது? பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. பச்சையத்தைப் பிரித்தாய்ந்த ரிச்சர்ட் வில்ஷ்டெட்டர் என்ற ஜெர்மானியருக்கு 1915-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சமையலறையிலேயே அந்தச் சோதனையைச் செய்யலாம். கீரை வேகும்போது புளியை விட்டால் பளிச்சென்ற பச்சை மங்கிப் பாசி நிறமாகும். புளியின் அமிலம் நடுவில் இருந்த மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் மாற்றம் அது. பயப்பட வேண்டாம், மக்னீசியம் அழியாது. வெளியேறித் தண்ணீரில் கலந்திருக்கும். ஆகவே புளி போட்டுக் கடையுங்கள், தாராளமாக. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால்தான் நஷ்டம். கீரையில் உள்ள மக்னீசியத்தில் ஒரு பகுதிதான் பச்சையத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பச்சை அடர்ந்திருந்தால் சத்தும் அதே அளவு அடர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

● தென்னைக்கும் மக்னீசியக் குறைவு வரும். அடி மட்டைகளில் ஓலை மஞ்சளிக்கும், குருத்து மட்டும் பச்சையாக இருக்கும். கையில் இருக்கும் கொஞ்ச மக்னீசியத்தை மரம் கிழட்டு ஓலையிலிருந்து உருவி இளங்குருத்துக்கு அனுப்புவதால் இப்படி. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு இது புதிதல்ல. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மரத்துக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ மக்னீசியம் சல்பேட் வைக்கச் சொல்வார்கள், மனப்பாடமாக இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட தோப்புகளை மறுபடி வளர்த்தவர்கள், கன்றுக்கு எந்த மாதம் எந்த உரம் என்று கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே வீட்டுப் பெண் காலையில் சாப்பிட்டாளா என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்றால், அங்கே பேச்சு நின்றுவிடும்.

● இளநீரில்? 100 மில்லிக்கு சுமார் 25 மில்லிகிராம் மக்னீசியம், அதைப்போல் பத்து மடங்கு பொட்டாசியம். வெயிலுக்குக் குடிக்கலாம், குறை ஒன்றுமில்லை. இதை மட்டும் நம்பி 370-ஐ எட்ட நினைத்தால் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும்.

● மழைக்காலத்தில் ஜாடியில் கல் உப்பு நீர்கோத்துப் பிசுபிசுக்கும். சுத்தமான சோடியம் குளோரைடு அவ்வளவு எளிதில் கசியாது. கூட ஒட்டிவரும் மக்னீசியம் குளோரைடுதான் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது. அதிராம்பட்டினம், வேதாரண்யம் பாத்திகளில் உப்பு படிந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் அது செறிந்திருக்கும். ஜப்பானில் சோயாப் பாலைத் திரித்து ‘டோஃபு’ கட்டி செய்வது அந்தக் கசப்பு நீரை வைத்துத்தான். சரி, கல் உப்பைக் கூடுதலாகப் போட்டால் மக்னீசியம் கிடைக்குமா? நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 5 கிராம் கல் உப்பில் வரும் மக்னீசியம் ஒரு கைப்பிடி கடலைக்கு ஈடாகாது.

● குழாய்த் தண்ணீர் கடினமாக இருக்கிறது, சோப்பு நுரைக்கவில்லை என்று புலம்புகிறோமே, அந்தக் கடினத்துக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். குடிநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 100 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. லிட்டருக்கு 30 உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தால் 60 கிடைக்கும். ஆர்.ஓ. எந்திரம் அழுக்கோடு இதையும் வடித்துவிடுகிறது. உப்பு ஏறிய கடலோர போர்வெல் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவைப்படலாம், நல்ல ஆற்றுக் குடிநீர் வரும் தெருவில் அதை மாட்டி வைப்பது வீண்.

● மாதவிடாய் வலிக்கு மக்னீசியம் கேட்குமா? சில சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்ற அளவு முடிவாகவில்லை. ஒற்றைத் தலைவலிக்கு ஆதாரம் இதைவிடக் கொஞ்சம் பலமானது: அமெரிக்க நரம்பியல் கழகம் 2012-இல் ‘பலன் தரக்கூடும்’ என்ற வரிசையில் இதை வைத்தது. ஆடுசதைப் பிடிப்புக்கு, வயதானவர்களிடம் செய்த ஆய்வுகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தூக்கத்துக்கு என்று கைப்பேசியில் கூவி விற்பதற்கு இருக்கும் ஆதாரம் மெலிந்தது. இரவு பதினோரு மணிக்கு அந்த விளம்பரம் பார்ப்பதை நிறுத்தினாலே பாதித் தூக்கம் வந்துவிடும் என்பது என் சொந்த வைத்தியம்.

● மாத்திரையாக எடுத்தால் நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்க வரம்பு. சாப்பாட்டில் வருவதற்கு வரம்பு கிடையாது. அதிகமானதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். மாத்திரை எல்லை தாண்டினால் முதல் எச்சரிக்கை வயிற்றுப்போக்கு. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, பழைய காலத்துப் பேதியுப்பு என்பதே மக்னீசியம் சல்பேட்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

● ‘லேபில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே?’ முழுசாகத் தெரியாது. முன்னே சொன்னதுபோல் இரத்தத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அது குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். ஆகவே அறிக்கையில் எண் சரியாக இருந்தாலும் இருப்பு குறைந்திருக்க வாய்ப்புண்டு. எண்ணே குறைந்து காட்டினால் கதை வேறு. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

● மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ கேட்டு வாங்கி, காலையில் பல் தேய்ப்பதுபோல் தினம் ஒன்று விழுங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் வகை மாத்திரைகளை நீண்ட காலம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், எடுத்தவர்களில் சிலருக்கு இரத்தத்தில் மக்னீசியம் இறங்கியதைக் கண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரிக்கை வெளியிட்டது. பரீட்சை நேரத்துப் பட்டினிக்கு இந்த மாத்திரையைத் துணை வைக்கும் பெண்களுக்கு ஒரே கையில் இரண்டு நஷ்டம்: சாப்பாடும் இல்லை, இருப்பதும் இறங்குகிறது.

● பிரசவ வார்டில் மக்னீசியத்துக்கு வேறு முகம். கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் அபாயத்தில் மக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடத்திய ‘மேக்பை’ ஆய்வு 2002-இல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்கு வலிப்பு வருவது பாதிக்கும் மேல் குறைந்தது. விலை மலிவான மருந்து. ஆனால் அது மருந்து: முதல் தவணையே 4 கிராம் மக்னீசியம் சல்பேட், ஏறத்தாழ ஒரு நாள் தேவைக்கு ஈடான மக்னீசியம் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். முழங்கால் தட்டிப் பார்த்து, மூச்சை எண்ணி, சிறுநீரை அளந்து கவனித்துக்கொண்டே கொடுப்பார்கள். கீரை நிறையத் தின்றால் அந்த வலிப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அழுத்தத்தை மாதாமாதம் பார்ப்பதுதான் வழி.

● தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் கவனிக்க: மக்னீசியம் மாத்திரையோ, மக்னீசியம் கலந்த வயிற்று எரிச்சல் திரவமோ அதோடு சேர்ந்தால் தைராய்டு மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இரண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே தகராறு உண்டு. இரும்பு மாத்திரையும் அந்த வயிற்று எரிச்சல் திரவமும் கூட ஒன்றாகப் போகாது. ஒன்றைக் காலையில், மற்றதை இரவில் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டில் இருக்கும் உளுந்துக்கும் கடலைக்கும் இவ்வளவு கறாரான கெடுபிடி இல்லை. தைராய்டு மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து இட்லிக்கு உட்காருங்கள்.